வரவேற்பு முடிந்து முகூர்த்தம் வரை

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கல்யாணம் என்றால் முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியலில் முகூர்த்தம். தென்மாவட்டங்களில் பல ஊர்களில் தாலி கட்டிய பிறகுதான் வரவேற்பு வைப்பார்கள். இங்கே முன்னாலேயே வைத்துவிடுகிறோம். கல்யாண ஏற்பாடும் அலங்காரமும் எடுத்துச் செய்யும் இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்டால், நான் முதலில் சொல்வது இதைத்தான்: பூவையும் துணியையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நடுவில் இருக்கும் அந்த ஒரு ராத்திரியை எப்படி நடத்தப் போகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள்.

கணக்கு இப்படி. பத்திரிகையில் வரவேற்பு ஆறரை மணி என்று இருக்கும். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏற ஏழரை ஆகிவிடும். கடைசி வரிசை இறங்கும்போது பத்தரை. அதற்குப் பிறகு நண்பர்கள் கூட்டம், அப்புறம் கேமராக்காரர் ஜோடியை மட்டும் நிற்க வைத்து எடுக்கும் படங்கள். மேடை என் கைக்கு வரும்போது பதினொன்றரை, சில சமயம் பன்னிரண்டு. முகூர்த்தம் நாலரையிலிருந்து ஆறு என்றால், ஐயர் மூன்று மணிக்கே மணையும் செங்கல்லும் மணலும் கேட்பார். மிச்சம் இருப்பது மூன்று மணி நேரம். அதற்குள் சோபா இறங்கி, மணவறை ஏறி, பூ தொங்கி, அரசாணிக்கால் நட்டு, பானை அடுக்கி, தரை துடைத்து, கோலமும் போட்டாக வேண்டும்.

இதை ராத்திரி யோசித்து முடிக்க முடியாது. படம் வரையும்போதே முடிக்க வேண்டும். நான் இரண்டு மேடையையும் ஒரே இரும்பு ஃப்ரேமில்தான் கட்டுகிறேன். பின்னால் போகும் அடித்துணி சந்தன நிறமோ தந்த நிறமோ. அது இரண்டு நாளும் அப்படியே நிற்கும். வரவேற்புக்கு முன்னால் வரும் பேனல்கள் கொக்கியில் தொங்கும், ஆணி அடிப்பதில்லை. அவற்றைக் கழற்ற இரண்டு பேர் போதும். முகூர்த்தத்துக்கான பூச்சரங்களை மாலையிலேயே நீளக் கம்பிகளில் கட்டி, ஈரத்துணி போட்டு, சமையல்கட்டு சூடு படாத ஒரு அறையில் வைத்துவிடுவோம். ராத்திரி செய்வதெல்லாம் கம்பியை எடுத்து மாட்டுவதுதான். மணவறைத் தூண்களை வரவேற்பு நேரத்திலேயே மேடைக்குப் பக்கவாட்டில் திரைக்குப் பின்னால் நிறுத்திவிடுவோம். மாடிப்படியில் தூணைத் தூக்கிக்கொண்டு வரும் வேலையை நள்ளிரவுக்கு வைத்துக்கொள்ளவே கூடாது. விருந்தினர்கள் படுத்திருக்கும் நேரம் அது, சத்தமும் ஆகும், அடியும் படும்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த ராத்திரி வேலை செய்யும் ஆட்கள். காலையிலிருந்து வரவேற்பு மேடை கட்டிய அதே ஆட்களை நள்ளிரவில் மறுபடி ஏணியில் ஏற்றுவது ஆபத்து. மின்சார வயர் கையில் இருக்கும்போது தூக்கம் சொக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் இரண்டு குழு. பண வசதி குறைந்த கல்யாணத்தில் அது முடியாவிட்டால், மாலை ஏழிலிருந்து பத்து வரை ஒரு குழு படுத்துத் தூங்க மண்டபத்தில் ஒரு அறையை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குவேன். அவர்களுக்கான ராத்திரிச் சாப்பாட்டைக் கடைசிப் பந்தி வரை காத்திருந்து கேட்கக் கூடாது. சமையல் மாஸ்டரிடம் எண்ணிக்கை சொல்லி முதல் பந்திக்கு முன்னாலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். "அண்ணே, எட்டுப் பேருக்குத் தனியா வெச்சிடுங்க" என்று மாலை ஐந்து மணிக்கே சொல்லிவிட்டால் எந்த மாஸ்டரும் மறுப்பதில்லை. பசியோடு இருப்பவரிடம் மூன்று மணிக்கு நேர்த்தி எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

மண்டபம் பார்க்கப் போகும்போது குடும்பத்தினர் ஹாலைப் பார்ப்பார்கள், ஏசியைப் பார்ப்பார்கள். நான் பின்வாசலைப் பார்ப்பேன். லாரி மேடைக்கு எவ்வளவு அருகில் வரும், ஜெனரேட்டர் எந்தப் பக்கம், மேடைக்கென்று தனி மின்இணைப்பு உண்டா, ஹோமம் வளர்க்க விடுவார்களா. கடைசிக் கேள்வியை ஓட்டல் ஹால்களில் கட்டாயம் கேளுங்கள். மூடிய ஏசி ஹாலில் புகை உணரும் கருவி இருக்கும்; ஹோமப் புகைக்கு அது அலறும். சில இடங்களில் அனுமதியே கிடையாது, சில இடங்களில் வெளியே தனிப் பந்தலில்தான். இது தெரியாமல் முன்பணம் கட்டிவிட்டு, பிறகு குடும்பப் புரோகிதரிடம் போய் நிற்கும் வீட்டாரைப் பார்த்திருக்கிறேன்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, மேனேஜரை வைத்துக்கொண்டு மின்மீட்டரைப் படம் எடுப்பது. பெரும்பாலான மண்டபங்களில் வாடகை தனி, கரண்ட் யூனிட் தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, சுத்தம் செய்யத் தனி. பாத்திர எண்ணிக்கையும் அதே மாதிரி. காலி செய்யும்போது களைத்துப் போன பெண்வீட்டார் எந்தத் தொகையையும் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் பணத்தைக் காப்பதும் நம் வேலைதான்.

இப்போது பூ. படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: எந்த மாசம்? மல்லிகை பங்குனியிலிருந்து ஆனி வரை தாராளமாக வரும். மார்கழிப் பனியில் விளைச்சல் சுருங்கிவிடும். தையில் முகூர்த்தங்கள் வரிசையாக வரும்போது கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். தை கல்யாணத்தில் மேடை முழுக்க மல்லிகைத் திரை என்று ஒப்புக்கொள்வது குடும்பத்துக்குச் செய்யும் துரோகம். தையில் மேடைக்குச் சம்பங்கியும் சாமந்தியும். மல்லிகை பொண்ணின் தலைக்கும் மாலைக்கும் மட்டும். சம்பங்கிக்கு இன்னொரு குணம் உண்டு. இரவில்தான் அதன் வாசனை எழும். வரவேற்பு முடிந்து மாட்டும் சம்பங்கிச் சரம் விடியற்காலையில் ஹால் முழுக்க மணக்கும். பணம் கொடுத்து வாங்கும் எந்தச் சென்ட்டும் அதற்கு ஈடு ஆகாது.

மல்லிகைக்கு ஒரு சிக்கல். விடியலில் பறிக்கும் மொட்டு அன்று இருட்டும்போது மலர்ந்துவிடும். வரவேற்புக்கு அது சரி. மறுநாள் நாலு மணிக்குத் தலையில் வைக்கும் சரம் மொட்டாக இருக்க வேண்டும் என்றால் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். கட்டிய சரத்தை வாழை இலையில் சுற்றி, தெர்மகோல் பெட்டியில் ஐஸ் வைத்து, அதன் மேல் தடித்த துணி விரித்து, அதற்கு மேல் வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டால் மொட்டு கறுத்துவிடும். திருப்பாதிரிப்புலியூரில் எனக்குப் பூக் கட்டித் தரும் அக்காக்களிடம் கற்றது இது. அவர்களிடம் பேரம் பேசுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். விடிய விடிய உட்கார்ந்து கட்டும் விரல்களுக்கு முழத்துக்கு ஒரு ரூபாய் குறைத்து நான் எந்த லாபமும் பார்க்க வேண்டியதில்லை.

ஜெர்பெரா, கார்னேஷன், லில்லியம் எல்லாம் ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருபவை. நம் கடற்கரைப் புழுக்கத்தில் ஜெர்பெரா சீக்கிரம் தலை தொங்கும். ஆந்தூரியமும் ஆர்க்கிடும் தாங்கும், விலை அதிகம். எனக்குப் பிடித்தது நம் பக்கத்துப் பொருள்கள்: குருத்தோலை, தென்னம்பாளை, ஈச்சங்குலை, நுங்குக் குலை, செவ்விளநீர், குலையோடு வாழை. கெடாது, வாடினாலும் அழகு. குருத்தோலை பின்னத் தெரிந்த பெரியவர்கள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுங்கள், பக்கத்தில் ஒரு இளைஞனையும் உட்கார வையுங்கள்.

நிறம் பற்றி ஒரு விதிதான் வைத்திருக்கிறேன்: புடவை எடுத்த பிறகுதான் மேடை நிறம். முகூர்த்தப் புடவை அரக்கோ சிவப்போ ஆக இருக்கும் வீடுகள் அதிகம். பின்னால் சிவப்பு ரோஜாச் சுவர் வைத்தால் பொண்ணு அதிலேயே கரைந்துவிடுவாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் பொண்ணின் அம்மா கவலையோடு கேட்டார்.

"ஏம்மா, எங்க நாத்தனார் பொண்ணு கல்யாணத்துல மணவறை பூரா ரோஜாவா இருந்துச்சு. நீ ஓலைங்கிற. கம்மியாத் தெரியாதா?"

"அம்மா, அந்த ஜாக்கெட் துணியக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி, வாசல் வெளிச்சத்தில் ஒரு தென்னங்கீற்றுக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். அரக்கு எழுந்து நின்றது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சரிம்மா, அப்ப தூண்ல மட்டும் பூவைக் கூட்டிடு" என்றார். கூட்டினேன். அம்மாக்கள் பூவைக் கேட்பதற்குப் பின்னால் சபையில் குறை வந்துவிடக் கூடாது என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுத்துவிட்டுத்தான் அழகைப் பற்றிப் பேச வேண்டும்.

விளக்கு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தாலி கட்டும் நேரத்தில் நீல, ஊதா வெளிச்சம் கூடாது. மஞ்சள் பூசிய முகம் சாம்பலாகத் தெரியும். இளமஞ்சள் வெளிச்சம் இரண்டு பக்கமிருந்தும் சாய்வாக வர வேண்டும். நேர் முன்னாலிருந்து அடித்தால் மாப்பிள்ளையின் வேட்டி மட்டும் பளிச்சென்று எரியும். மேடை மின்விசிறி குத்துவிளக்கின் பக்கம் திரும்பாமல் இருக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரோஜா இதழ் மாலையைத் தண்ணீர் தெளித்தபடியே கழுத்தில் போடக் கூடாது. சாயம் பட்டில் இறங்கினால் போகாது.

புதுச்சேரிக்கு வெளியூர்க்காரர்கள் கடற்கரைக் கல்யாணம் கேட்டு வருகிறார்கள். "சூரியன் கடல்ல மறையும்போது மாலை மாத்தணும்" என்பார்கள். நம் கடல் கிழக்கே. இங்கே சூரியன் கடலில் உதிக்கும், மறைவது ஊருக்குப் பின்னால். இதைச் சொன்னதும் முகம் வாடும். ஆனால் நம் முகூர்த்தமே விடியல்தானே! தை, மாசியில் சூரியன் ஆறரை வாக்கில் எழும். ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம் என்றால் மாங்கல்ய தாரணத்தின்போது முகத்தில் நேர் பொன் வெளிச்சம். காற்றும் அப்போதுதான் அடங்கி இருக்கும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து, பிற்பகலில் துணி, திரை எதையும் நிற்க விடாது. மாலை நிகழ்ச்சி என்றால் கடல் பக்கம் துணியே வேண்டாம், மூங்கிலும் இலையும் போதும். எடை வைத்த அடிப்பலகையில் கட்டுங்கள். மணலில் புதைத்த கம்பை நம்பாதீர்கள். பொதுக் கடற்கரையில் எதையும் அனுமதி இல்லாமல் நட்டு வைக்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி சட்டப்படியே கிடையாது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து வாகனமும் விட மாட்டார்கள். ஒயிட் டவுன் பழைய வீடுகளில் நடக்கும் கல்யாணத்துக்குப் பூ வண்டி மதியத்துக்குள் வந்துவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முகூர்த்தமும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி அங்கேயே நின்றது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஃபெஞ்சல் கற்றுக்கொடுத்த பாடம் மழையைப் பற்றியது இல்லை, ஆற்றைப் பற்றியது. மழை விட்ட பிறகு மேலே சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை கரை மீறி வந்து, கடலூர் – புதுச்சேரி சாலையே துண்டிக்கப்பட்டது. அதிலிருந்து, கார்த்திகைக் கல்யாணம் எடுத்தால் பூக்காரர், மேக்கப் செய்பவர், சமையல் குழு மூன்று பேரும் மண்டபம் இருக்கும் கரையிலேயே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். முடியாவிட்டால் முந்தின நாளே அழைத்து வந்து தங்க வைத்துவிட வேண்டும். திறந்தவெளி கேட்டால் பொங்கலுக்குப் பிறகு வரச் சொல்வேன். கேட்காமல் பிடிவாதம் பிடித்தால், பக்கத்தில் ஒரு மூடிய ஹாலுக்கும் முன்பணம் கட்டிய ரசீதைப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடுவேன்.

திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயில் கல்யாணம் வேறு மாதிரி. பெரிய முகூர்த்த நாளில் நூறு ஜோடிகளுக்கு மேல் தாலி கட்டும் இடம் அது. அங்கே அலங்காரத்துக்கு வேலையே இல்லை. கூட்டத்தில் குடும்பத்தைக் கூட்டிச் செல்வதுதான் வேலை. வயதுச் சான்று, முகவரிச் சான்று முதலில் சரியாக இருக்க வேண்டும். வேன் தொலைவில்தான் நிற்கும், பாட்டிக்கு ஆட்டோ தனியாக. மாலை, தாலி, தட்டு மூன்றும் மூன்று பேர் கையில், அந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நடக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒரே நிறத்தில் ஒரு சின்னத் துண்டு கொடுத்துத் தோளில் போடச் சொல்வேன். அத்தனை பட்டுப்புடவைக்கு நடுவில் நம் ஆட்களை அதுதான் காட்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. அந்தச் சம்பந்தம் என்றால் தேதி குறிக்கும் முன்பே துணைத் தூதரகத்தில் சான்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். காகிதங்களுக்கு மாதக் கணக்கில் ஆகலாம். தமிழ்நாட்டில் நடக்கும் எந்தக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 2009 சட்டம் சொல்கிறது. பத்திரிகையில் இரண்டு பிரதி எடுத்து வைக்கச் சொல்வது நம் பட்டியலில் இருக்கட்டும்.

யார் முடிவு சொல்வது என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவேன். பொண்ணும் மாப்பிள்ளையும் படங்களைத் தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு அரசாணிக்கால் எந்தப் பக்கம் என்று அவர்களை எழுப்பிக் கேட்க முடியாது. பெண்வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர். பெரும்பாலும் பெரியப்பா, சில வீட்டில் அத்தை. தாய்மாமன் சீர் எத்தனை மணிக்கு, யார் முதலில் நலங்கு வைப்பது, சம்பந்தி வீட்டாரை வாசலில் வரவேற்க யார் நிற்பார்கள், இவற்றை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து எழுதிக்கொள்வேன். கல்யாணத்தில் மனக்கசப்பு வருவது பூவாலோ விளக்காலோ இல்லை. தாய்மாமனைக் கூப்பிட மறந்ததால் வரும், முதல் பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு இலை இல்லாததால் வரும்.

அதே தாளில் இன்னொரு பட்டியலும் எழுதுவேன்: யார் தலையிலும் விழாத பொருள்கள். மாலை டெகரேஷன்காரர் என்று வீட்டார் நினைப்பார்கள், வீட்டார் வாங்குவார்கள் என்று டெகரேஷன்காரர் நினைப்பார். அட்சதைக்குப் பூ உதிர்ப்பது, விரலி மஞ்சள், தாம்பூலப் பையில் தேங்காய் போடும் ஆள், ஜெனரேட்டர் டீசல், மொய் எழுதும் மேசைக்கு விளக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், டம்ளர், பை, இலை எல்லாம் என்ன வருகிறது என்று சமையல் கான்ட்ராக்டிலேயே எழுதி வாங்குங்கள்.

பணம். நான் குடும்பத்திடம் என் கூலியை வெளிப்படையாகச் சொல்லி வாங்குகிறேன். சமையல்காரர், கேமராக்காரர், மேக்கப் செய்பவர் யாரிடமும் கமிஷன் கிடையாது. கமிஷன் வாங்கினால் மூன்று மணிக்கு அவரிடம் "இது சரியில்லை" என்று சொல்ல வாய் வராது. வீட்டார் அவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கட்டும். அந்தப் பணம் நம் கை வழியாகப் போக வேண்டாம். நம் கூலியில் தேதி பிடிக்க ஒரு பங்கு, பூ சொல்லும்போது பெரிய பங்கு, மிச்சம் வரவேற்புக்கு முந்தின நாள். முகூர்த்தம் முடிந்து பொண்ணு புறப்படும் நேரத்தில் ஒரு அப்பாவிடம் பணம் கேட்டு நிற்பது அவருக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஆற்றுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் வேறு வேறு மாநிலக் கணக்கு என்பதால், கடலூரில் பதிவு செய்துவிட்டுப் புதுச்சேரியில் வேலை எடுப்பவர்கள் ஆரம்பத்திலேயே ஒரு நல்ல கணக்கரைப் பிடியுங்கள். வேனுக்கும் இரண்டு பக்கப் பெர்மிட் இருக்கிறதா என்று பாருங்கள். புதுச்சேரியிலிருந்து பாட்டில் கொண்டு வரலாமா என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்டால், ஆல்பேட்டை சோதனைச் சாவடியைக் காட்டி உறுதியாக மறுத்துவிடுங்கள். மாட்டினால் கல்யாண வேனே நின்றுவிடும்.

ஆடியும் மார்கழியும் வருமானம் இல்லாத மாதங்கள். புரட்டாசியில் பல வீடுகளில் வைக்க மாட்டார்கள். அந்த மாதங்களுக்கான வாடகையையும், உடன் வேலை செய்யும் ஆட்களுக்கு ஒரு முன்பணத்தையும் ஆனியிலும் கார்த்திகையிலும் எடுத்து வைத்துவிட வேண்டும். நல்ல ஏணிக்காரர் ஒருவர் ஆடியில் வேறு வேலைக்குப் போய்விட்டால் ஆவணியில் திரும்பி வர மாட்டார். சும்மா இருக்கும் அந்த நாட்களில் உப்புக்காற்றில் துருவேறிய ஃப்ரேம்களைத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடிக்கிறோம், துணிகளைத் துவைத்து அளவு எழுதி மடிக்கிறோம், வயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து ஒட்டுப்போட்டதைத் தூக்கி எறிகிறோம். அப்புறம் சீமந்தம், மஞ்சள் நீராட்டு மாதிரி சின்ன விசேஷங்களைப் புதுப் பையன்களிடம் முழுதாக விட்டுவிடுகிறேன். நாற்பது பேர் வரும் ஒரு சீமந்தத்தைத் தனியாக நடத்திக் காட்டியவரைத்தான் நான் ஆவணியில் ராத்திரிக் குழுவுக்குத் தலைவராகப் போடுவேன்.